வெற்றுக் கோப்போடு பிரிட்டனில்: போன் கடை முதல் வாடகை வீடு வரை

கையில் வேலைக் கடிதம் இருக்கும். வங்கியில் நாலாயிரம் பவுண்ட் இருக்கும். மாதம் முப்பது பவுண்ட் கட்டும் போன் ஒன்றுக்குக் கடையில் விண்ணப்பித்தால், ஐந்து நிமிடம் கணினியைத் தட்டிவிட்டு, "மன்னிக்கவும், இப்போது தர முடியவில்லை" என்பார்கள். ஏன் என்று கேட்டால் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கே தெரியாது. அவர் திரையில் 'மறுக்கப்பட்டது' என்று ஒரு சொல்தான் வந்திருக்கும்.

பிரிட்டனுக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் இது எங்காவது ஓரிடத்தில் நடந்தே தீரும். போனில் இல்லாவிட்டால் கிரெடிட் கார்டில், அதிலும் இல்லாவிட்டால் கார் இன்சூரன்ஸை மாதத் தவணையில் கட்டக் கேட்கும்போது. கடன் வாங்கிக் கட்டாமல் விட்டதால் வரும் மறுப்பு வேறு. இது கடனே வாங்காததால் வருவது. வைத்தியமும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடன் நம்பகத்தை எண்ணால் காட்டும் கிரெடிட் ஸ்கோரை ஏற்ற வேண்டும் என்று எவனோ சொன்னதை நம்பி நாலு கார்டுக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

மூன்று கோப்புகள்

கடையோ வங்கியோ வீட்டு ஏஜென்ட்டோ, பார்ப்பது, ஒவ்வொருவரும் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் மூன்று நிறுவனங்களின் கோப்புகளைத்தான்: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன். இந்த மூன்றும் இந்தியாவிலும் கடை விரித்திருக்கின்றன, அங்கே கடன் கணக்கைப் பதிந்து வைக்கும் சிபிலே டிரான்ஸ்யூனியனுடையதுதான். அதனால் ஊரில் வீட்டுக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டிய கணக்கு இங்கேயும் தெரியும் என்று பலர் நம்பி வருகிறார்கள். தெரியாது. ஒரு நாட்டுக் கோப்பு தானாக இன்னொரு நாட்டுக்குப் போவதில்லை. விதிவிலக்காகச் சொல்லத்தக்கது, ஏற்கெனவே வேறு நாட்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருப்பவர் அதே நிறுவனத்திடம் பிரிட்டிஷ் கார்டு கேட்பது. அங்கே பழைய உறவைப் பார்க்கிறார்கள். கார்டு வைத்திருந்தால் புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஸ்கோர் என்பதும் ஒன்றல்ல. ஈக்விஃபாக்ஸ் 1000 வரை போடும், டிரான்ஸ்யூனியன் 710 வரை, எக்ஸ்பீரியன் நெடுங்காலம் 999 வரை போட்டது. கடன் கொடுப்பவர் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கோப்பில் உள்ள விவரத்தை வாங்கித் தன் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கிறார். எனவே எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை விட்டு, ரிப்போர்ட்டைத் திறந்து வரி வரியாகப் படிப்பதுதான் உபயோகம்.

மூன்றையும் காசில்லாமல் பார்க்கலாம். கிளியர்ஸ்கோர் செயலியில் ஈக்விஃபாக்ஸ் கோப்பு தெரியும், கிரெடிட் கர்மாவில் டிரான்ஸ்யூனியன். எக்ஸ்பீரியனிடம் 'ஸ்டாச்சுட்டரி ரிப்போர்ட்' என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், சட்டப்படி இலவசம். மாதச் சந்தா கேட்கும் பக்கத்துக்குத் தள்ளினால் விலகி வந்துவிடுங்கள். நம் கோப்பை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

புதியவருக்கு இங்கே ஒரு விசித்திரம் நடக்கும். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் கொடுத்த பிறகும், 'உங்களை அடையாளம் காண முடியவில்லை' என்று செயலி கைவிரித்துவிடும். எரிச்சலோடு மூடிவிடாதீர்கள். போன் கடையின் கணினிக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். உங்கள் நேர்மையை அது சந்தேகிக்கவில்லை. அப்படி ஒருவர் அந்த விலாசத்தில் இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியவில்லை. ஆகவே கடன் வரலாற்றைக் கட்டுவது இரண்டாவது வேலை. பெயரும் விலாசமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழச் செய்வது முதல் வேலை. இதைச் செய்யாமல் கார்டு வாங்கினால், அந்தக் கார்டின் நல்ல பெயர் இன்னொரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனிஷியலால் வரும் வினை

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் இது. ஒரு கற்பனைப் பெயரை வைத்துப் பார்ப்போம். ஆள் கார்த்திகேயன், தகப்பனார் செல்வராஜ். ஊரில் செ. கார்த்திகேயன். இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. பெயர்க் கட்டத்தில் 'கார்த்திகேயன் செல்வராஜ்' என்று இரண்டும் சேர்ந்து நிற்கிறது. லண்டனில் வங்கிக் கணக்குத் திறக்கும்போது சர்நேம் கட்டத்தைக் காலியாக விடக் கணினி ஒப்பாது. அங்கே 'கார்த்திகேயன் கார்த்திகேயன்' ஆகிறார். வேலையிடத்துச் சம்பளச் சீட்டில் 'கார்த்திகேயன் செல்வராஜ்'. உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலில் 'எஸ். கார்த்திகேயன்'. போன் கடையில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிய பையன், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எண்ணி 'மிஸ்டர் செல்வராஜ்' என்று போட்டுவிடுகிறான். நமக்கு ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர், நால்வரிடமும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம்.

இலங்கைப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் நிரம்பியிருக்கும் என்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆனால் நீளமான தகப்பன் பெயர் படிவத்தில் கட்டம் போதாமல் பாதியில் வெட்டுப்படும். ஆங்கில எழுத்துக் கூட்டலும் ஆளை மாற்றும்: 'த'வுக்கு ஓரிடத்தில் 'டிஎச்', இன்னோரிடத்தில் வெறும் 'டி', 'சி'க்கு ஓரிடத்தில் 'எஸ்', இன்னோரிடத்தில் 'எஸ்எச்'. கல்யாணத்துக்குப் பிறகு பாதி இடத்தில் மட்டும் கணவர் பெயருக்கு மாறிய பெண்களின் கோப்பு சரிபாதியாகப் பிளந்து கிடக்கும்.

தீர்வு சலிப்பானது, ஆனால் கட்டாயம் பலன் தருவது. உங்கள் விசாவை இணையத்தில் காட்டும் இ-விசா கணக்கில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அதைத் தலைப்பெயராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒழுங்காகப் போங்கள்: முதலில் வங்கி, அடுத்து வேலையிடம், அடுத்து கவுன்சில், பிறகு மின்சாரம், கேஸ், போன். வங்கியில் பெயர் திருத்த பாஸ்போர்ட்டோடு கிளைக்கு நேரில் போவதுதான் விரைவு. செயலியின் அரட்டைப் பெட்டியில் கேட்டால் கல்யாணச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிப்பார்கள், ஏனென்றால் பெயர் மாற்றம் என்றால் அவர்களுக்குக் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். "பெயர் மாறவில்லை, தவறாகப் பதிந்திருக்கிறது, திருத்துங்கள்" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் வித்தியாசத்துக்குப் பலன் உண்டு.

பழைய பெயரில் ஏற்கெனவே கணக்கு ஓடியிருந்தால், மூன்று நிறுவனங்களுக்கும் தனித்தனியாக எழுதி, இந்தப் பெயரும் என்னுடையதே, இரண்டையும் ஒரே கோப்பில் இணையுங்கள் என்று கேட்கலாம். பாஸ்போர்ட் நகலும் ஒரு வங்கி ஸ்டேட்மென்ட்டும் போதும். திருத்தக் கோரிக்கைக்கு 28 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒருவருக்கு எழுதினால் மற்ற இருவருக்கும் தானாகப் போகாது.

கடைக்கு மேலே குடியிருப்பவர்கள்

விலாசத்தில் அதிகம் அடிபடுபவர்கள் மூன்று ரகம்: கடைக்கு மேல்மாடியில் இருப்பவர்கள், ஒரு பெரிய வீட்டைப் பிரித்து அறை அறையாக வாடகைக்கு விட்ட இடத்தில் இருப்பவர்கள், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் முதல் ஆளாகக் குடியேறியவர்கள்.

102ஆம் எண் பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் வீட்டை வீட்டுக்காரர் '102ஏ' என்பார். கவுன்சில் தாளில் 'முதல் மாடி ஃபிளாட், 102'. தபால் நிறுவனமான ராயல் மெயிலின் பட்டியலில் 'ஃபிளாட் 1, 102'. சில சமயம் அந்த மாடி ராயல் மெயில் பட்டியலிலேயே இருக்காது. கடைக்கு மட்டும்தான் விலாசம். கடன் கொடுப்பவர்களின் படிவத்தில் போஸ்ட்கோடைத் தட்டினால் விழும் பட்டியல் பெரும்பாலும் ராயல் மெயிலுடையது. எனவே ராயல் மெயில் இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டு, உங்கள் வீடு அங்கே எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் முதலில் கவுன்சிலின் தெருப் பெயர், வீட்டு எண் பிரிவுக்கு எழுத வேண்டும். அவர்கள் எண் கொடுத்த பிறகுதான் ராயல் மெயில் சேர்க்கும். வீட்டுக்காரர் வழியாகப் போனால் இது சீக்கிரம் நடக்கும், அவர் மனம் வைத்தால்.

விண்ணப்பங்களில் வழக்கமாக மூன்று ஆண்டு விலாசம் கேட்பார்கள். வந்து எட்டு மாதம்தான் ஆகிறதென்றால் அதற்கு முன் ஊர் விலாசத்தைப் போடுங்கள். வெளிநாட்டு விலாசம் போட்டால் மறுத்துவிடுவார்கள் என்று பயந்து, மச்சான் வீட்டு விலாசத்தைப் பழைய விலாசமாகப் போடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்த வீட்டில் உங்கள் பெயருக்கு ஒரு தடயமும் இருக்காது. பொய் விவரம் கொடுத்ததாகச் சந்தேகம்தான் மிஞ்சும்.

ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். முன்பு அந்த வீட்டில் இருந்தவர் கடன் வைத்துவிட்டு ஓடியிருந்தால் உங்களுக்குப் பாதிப்பில்லை. கூட இருக்கும் அறைத்தோழர் கடன்காரர் என்றாலும் பாதிப்பில்லை. கூட்டுக் கணக்கு, கூட்டுக் கடன் இருந்தால் மட்டுமே இருவர் கோப்பும் முடிச்சுப் போடப்படும். ஆகவே மின் கட்டணத்தைப் பங்கிட வசதி என்று அறைத்தோழரோடு ஜாயின்ட் அக்கவுண்ட் திறப்பது வேண்டாத வேலை.

ஓட்டுப் பதிவு: நம்மவர்கள் தவறவிடும் பெரிய வாய்ப்பு

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் குடியிருந்தால், மாணவரானாலும் சரி, வேலை விசாவானாலும் சரி, இங்கே வாக்காளராகப் பதியலாம், ஓட்டும் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த பிறகுதான் என்று பத்து வருடம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விசாவுக்குச் சிக்கல் வரும் என்ற வதந்தியும் உலவுகிறது. ஒரு சிக்கலும் இல்லை. தகுதியுள்ளவர் கவுன்சில் கேட்டும் பதியாமல் விட்டால்தான் 80 பவுண்ட் அபராதம் வர வாய்ப்புண்டு.

இது ஏன் முக்கியம் என்றால், வாக்காளர் பட்டியல் முழுதாக அந்த மூன்று நிறுவனங்களுக்கும் போகிறது. இந்தப் பெயருள்ள ஆள் இந்த வீட்டில் இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லும் வலுவான சான்று அதுதான். அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் கேட்கும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிவிட்டு வேறு அடையாளம் கொடுக்கலாம். படிவத்தில் 'ஓப்பன் ரெஜிஸ்டர்' வேண்டாம் என்று குறிக்கத் தயங்க வேண்டாம். அது விளம்பரக்காரர்களுக்கு விற்கும் பட்டியல். கிரெடிட் சரிபார்ப்புக்குப் போவது முழுப் பட்டியல்.

எப்போது பதிகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும், ஆனால் இலையுதிர் காலத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது அந்தப் புதுப்பித்தல் நிற்கும். புதிய பட்டியல் டிசம்பர் 1 வாக்கில் வரும். செப்டம்பரில் படிக்க வரும் மாணவர் அக்டோபரில் பதிந்துவிட்டு நவம்பரில் கார்டு கேட்டால், கோப்பில் இன்னும் ஏறியிருக்காது. டிசம்பர் கடைசி வரை பொறுப்பது நல்லது.

ஐரோப்பாவிலிருந்து லண்டனுக்கு மாறிவரும் ஈழத்தமிழர்கள் கவனிக்க வேண்டும். சுவிஸ், நார்வே பாஸ்போர்ட் உள்ளவர்கள் பதிய முடியாது. 2020க்குப் பிறகு வந்த பிரெஞ்சு, ஜெர்மன் குடிமக்களும் முடியாது. இவர்கள் மூன்று நிறுவனங்களுக்கும் எழுதி, 'எனக்கு வாக்குரிமை இல்லை, இந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறேன்' என்று கோப்பில் ஒரு குறிப்புச் சேர்க்கலாம். கவுன்சில் வரி ரசீதோ வங்கிக் கடிதமோ சான்றாக வைக்க வேண்டும். குறிப்பு 200 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் இருபது சொல்லே போதும். ஒரு சங்கடம் உண்டு: குறிப்புள்ள கோப்பை ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருப்பதால், உடனடி முடிவு வர வேண்டிய விண்ணப்பமும் சில நாள் இழுக்கும்.

முதல் கணக்குகள்

வங்கிக் கணக்கே மறுக்கப்பட்டால், 'பேசிக் பேங்க் அக்கவுண்ட்' என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெரிய வங்கிகள் ஒன்பது, சட்டப்படி பிரிட்டனில் வசிப்பவருக்கு இதைக் கொடுக்கக் கடமைப்பட்டவை. கடன் வரலாறு இல்லை என்பதை வைத்து மறுக்கக் கூடாது. இருப்புக்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் இருக்காது, மற்றபடி சம்பளம் வாங்க, கட்டணம் தானாகப் போகும் டைரக்ட் டெபிட் போட எல்லாம் நடக்கும். அடையாளம் போதவில்லை என்றோ மோசடிச் சந்தேகத்தாலோ மறுக்கலாம். அதனால் எதனால் மறுத்தீர்கள் என்று கேட்பது அவசியம்.

அடுத்து போன். லெபாராவும் லைக்காவும் நம்மவர்கள் தொடங்கிய நிறுவனங்கள். இரண்டும் வளர்ந்ததே முன்பணம் கட்டும் சிம்மில். அதற்கு கிரெடிட் செக் இல்லை, எனவே முதல் நாளே கிடைக்கும். முன்பணத்தில் கடன் இல்லை என்பதால் எத்தனை வருடம் நிரப்பினாலும் கோப்பில் ஒரு வரி ஏறாது. ஏற வேண்டுமானால் பன்னிரண்டு மாத 'சிம் ஒன்லி' ஒப்பந்தம் எடுங்கள்; மாதம் எட்டு, பத்து பவுண்டிலேயே கிடைக்கும். போன் சேர்ந்த 24 மாத ஒப்பந்தத்தை மறுக்கும் நிறுவனமே இதைக் கொடுப்பது சகஜம், ஏனென்றால் அவர்களுக்கு நட்டம் வந்தாலும் சில்லறைதான். முப்பது நாள் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கோப்புக்குப் போவதில்லை. விசா முடிய ஒரு வருடமே இருக்கையில் 24 மாத ஒப்பந்தம் கேட்டால் கோப்பு நன்றாக இருந்தாலும் பல இடங்களில் தட்டிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, கடன் வரலாறு கட்டுவதற்கென்றே கொடுக்கும் கிரெடிட் பில்டர் கார்டு. 200 முதல் 1,200 பவுண்ட் வரை வரம்பு, வட்டி ஆண்டுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல். வட்டி விகிதத்தைக் கண்டு மிரள வேண்டாம். வட்டி கட்டும் நிலைக்குப் போகாமல் பயன்படுத்துவதுதான் இதன் சூத்திரம். விண்ணப்பிக்கும் முன், கார்டு கிடைக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லும் 'எலிஜிபிலிட்டி செக்கர்' போட்டுப் பாருங்கள். அது சாஃப்ட் செர்ச், உங்களைத் தவிர யார் கண்ணிலும் படாது. நேரே விண்ணப்பித்தால் விழுவது ஹார்ட் செர்ச், அது மற்றக் கடன் கொடுப்பவர்கள் கண்ணிலும் படும். ஓராண்டு, சில இடங்களில் இரண்டாண்டு வரை கோப்பில் தெரியும். ஒன்றிரண்டு விழுந்தால் பரவாயில்லை. வெற்றுக் கோப்பில் ஒரே மாதத்தில் ஐந்து விழுந்தால், வேறெதுவும் இல்லாத காகிதத்தில் பணமுடை ஒன்றுதான் எழுதியிருப்பதுபோல் தெரியும். மறுத்தால் குறைந்தது மூன்று மாதம் விட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

கார்டு வந்ததும் டைரக்ட் டெபிட் போடுங்கள். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: 'குறைந்தபட்சத் தொகை' முன்கூட்டியே தேர்வாகி இருக்கலாம். அதை 'முழுத் தொகை' என்று மாற்றுங்கள். மாற்றாமல் 300 பவுண்ட் பாக்கியைச் சுமந்தால் 35 சதவீத வட்டியில் மாதம் ஏழரைப் பவுண்ட் அளவில் போகும். 300 வரம்பென்றால் மாதம் 40, 60 பவுண்ட் மட்டும், பஸ்ஸுக்கோ பலசரக்குக்கோ. வரம்பில் கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது; கோப்புக்குப் போவது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் தேதியில் உள்ள பாக்கி என்பதால், பெரிய செலவு செய்த மாதத்தில் ஸ்டேட்மென்ட் வருமுன்பே கொஞ்சம் கட்டிவிடலாம். ஏடிஎம்மில் இந்தக் கார்டை நுழைக்கவே கூடாது. அன்றிலிருந்தே வட்டி ஓடும், ரொக்கம் எடுத்தது கோப்பிலும் தெரியும். ஒரு தவணை தவறினால் 12 பவுண்ட் அபராதத்தோடு போய்விடாது, அந்தக் கறை ஆறு ஆண்டு நிற்கும்.

டைரக்ட் டெபிட் போட்டாயிற்று என்று முதல் மாதம் நம்பி இருந்துவிடாதீர்கள். அது நடைமுறைக்கு வருமுன் முதல் ஸ்டேட்மென்ட்டின் கெடு வந்துவிடும். முதல் மாதத்தை மட்டும் கையால் கட்டுங்கள். புதுக் கார்டில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கவுன்சில் வரியை ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் ஏறும் என்று சொல்வார்கள். அது கோப்புக்குப் போவதே இல்லை. எக்ஸ்பீரியன் பூஸ்ட் என்ற வசதியில் வங்கிக் கணக்கைப் பார்க்க அனுமதி கொடுத்தால் அந்த ஒரு நிறுவனம் மட்டும் சேர்த்துப் பார்க்கும். வாடகையும் அப்படித்தான், கிரெடிட்லேடர் போன்ற சேவையில் தனியாகப் பதிந்தால் ஒழிய ஏறாது. சீட்டுக் கட்டுவதும் ஏறாது. பத்து வருடம் மாதம் ஐந்நூறு சீட்டுக் கட்டியவரும் வங்கிக்குப் புது ஆள்தான்; போதாததற்கு, சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. அவசரத்துக்குக் கடன் வேண்டுமென்றால் உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கடன் சங்கமான உங்கள் பகுதி கிரெடிட் யூனியனைப் பாருங்கள். சட்டப்படி அவர்கள் வாங்கக்கூடிய உச்ச வட்டி மாதம் 3 சதவீதம், ஆண்டுக்கணக்கில் 42.6. சம்பள நாள் வரை சமாளிக்கக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் பேடே நிறுவனங்களுக்கு 2015 முதல் உச்சவரம்பு நாளுக்கு 0.8 சதவீதம். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று மாதக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் தெரியும். பேடே கடன் வாங்கிய தடம் இருந்தால், பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது முகம் சுளிப்பார்கள்.

வாடகை வீடு

இங்கே மறுப்புக்குக் காரணமாகக் கிரெடிட்டைச் சொன்னாலும், பெரும்பாலும் உண்மைக் காரணம் அதுவல்ல. வீட்டு ஏஜென்ட்டின் சரிபார்ப்பு நிறுவனம் முதலில் தேடுவது கோர்ட் தீர்ப்பு, திவால் போன்ற கெட்ட பதிவுகளை. வெற்றுக் கோப்பில் அவை இருக்காது. விழுவது வருமானக் கணக்கில்: மாத வாடகையின் முப்பது மடங்கு ஆண்டுச் சம்பளம் வேண்டும் என்பது வழக்கம். 1,400 பவுண்ட் வாடகைக்கு 42,000. ஜாமீன்தாரருக்கு 36 மடங்கு, அதாவது 50,400. பகுதி நேர வேலை பார்க்கும் மாணவர் இதில் எப்படியும் விழுவார். பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கும் திட்டம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சிலவற்றில் உண்டு.

ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்து வீடு பிடிப்பதுதான் நெடுங்காலம் புதியவர்களின் குறுக்குவழி. இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் அதை அடைத்துவிட்டது: ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான், ஆனால் கையில் சேமிப்போடு வரும் வெற்றுக் கோப்புக்காரருக்கு இருந்த ஒரு கதவும் சாத்தப்பட்டது. இனி ஜாமீன்தாரர், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனம், அல்லது வேலையிடத்தின் உறுதிக் கடிதம். அந்தக் கடிதத்தில் நிரந்தர வேலை, ஆண்டுச் சம்பளம், சேர்ந்த தேதி, சோதனைக் காலம் முடிந்ததா என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.

வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. 1,400க்கு 323 பவுண்ட். வைப்புத்தொகை ஐந்து வாரம், 1,615. நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்து, கிரெடிட் சரிபார்ப்பில் மட்டும் தேறவில்லை என்றால் ஹோல்டிங் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை வந்துவிடும். ஆகவே பணம் கட்டும் முன்பே, "வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, கிரெடிட் ஹிஸ்டரி இல்லை" என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

மறுத்த பிறகு

மறுப்பு வந்த 28 நாளுக்குள் எழுதிக் கேட்டால், எந்த நிறுவனத்தின் கோப்பைப் பார்த்தோம் என்று கடன் கொடுப்பவர் ஏழு வேலை நாளில் சொல்லியாக வேண்டும். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 157ஆம் பிரிவு. பிரிவு எண்ணைக் கடிதத்தில் போடுங்கள், கடிதம் வேறு மேசைக்குப் போகும். பெயர் தெரிந்ததும் அந்த ஒரு கோப்பை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்பீரியனில் நீங்கள் இருந்து, டிரான்ஸ்யூனியனில் இல்லாமல் இருக்கலாம். முடிவைக் கணினி மட்டும் எடுத்திருந்தால், ஓர் ஆள் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் கூடவே இணைத்தால், சிறிய தொகைகளில் முடிவு மாறுவது உண்டு. புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. தவறான தகவலுக்குத்தான் அங்கே பலன். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

நன்றாக ஓடிய வங்கிக் கணக்கு திடீரென மூடப்பட்டு, அதன்பின் எந்த வங்கியும் சேர்க்கவில்லை என்றால் அது வெற்றுக் கோப்புச் சிக்கல் அல்ல. சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கலாம். "உன் அக்கவுண்டில் கொஞ்சப் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, நூறு வைத்துக்கொள்" என்று மாணவர்களைப் பிடிக்கும் கும்பலுக்கு இணங்கியவர்களுக்கு நேர்வது இது. ஆறு ஆண்டு நிற்கும். சிஃபாஸிடமே உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று இலவசமாகக் கேட்கலாம். தவறாக ஏற்றியிருந்தால் முதலில் ஏற்றிய வங்கியிடம், பிறகு சிஃபாஸிடம், பிறகு ஆம்புட்ஸ்மனிடம். முந்நூறு பவுண்ட் கொடு, கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று விளம்பரம் செய்பவர்களால் உண்மையான பதிவு எதையும் அழிக்க முடியாது. பொய்ப் பதிவை நீங்களே ஓசியில் நீக்கிவிடலாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஓட்டுப் பதிவு கோப்பில் தெரிய ஒன்றிரண்டு மாதம், சிம் கணக்கு தெரிய நான்கு முதல் ஆறு வாரம், கார்டின் ஆறு ஸ்டேட்மென்ட் விழ அரை வருடம். அதுவரை பெரிய விண்ணப்பம் எதையும் போடாமல் இருப்பது மேல். கார் இன்சூரன்ஸை முடிந்தால் ஆண்டுத் தொகையாகக் கட்டிவிடுங்கள். மாதத் தவணை என்றால் அதுவும் ஒரு கடன், வட்டியும் கனமானது.

இடையில் வீடு மாறினால், சாவி வாங்கிய அன்றே ஓட்டுப் பதிவு, வங்கி, கார்டு, சிம் நான்கிலும் புது விலாசத்தை மாற்றுங்கள். கார்டை மட்டும் மறந்து பழைய வீட்டிலேயே விட்டுவிட்டால், அடுத்த ஸ்டேட்மென்ட் அந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் கைக்குப் போகும், உங்கள் கோப்பு மறுபடி இரண்டு வீட்டில் குடியிருக்கத் தொடங்கிவிடும்.